நட்ட தாடி

முப்பத்து மூன்று வயதாகியும் போஸானுக்குத் தாடி ஒழுங்காக முளைக்கவில்லை. மேவாயில் ஒரு கொத்து, இடது கன்னத்தில் அங்கொன்றும் இங்கொன்றும், வலது கன்னம் வெறும் தரிசு. துருக்கியின் உர்ஃபா ஊரில் மினிபஸ் ஓட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. டீக்கடையில் அவன் தலை தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

"வாப்பா கோசே! பிளேடு வாங்காமயே மிச்சம் புடிச்சு இன்னொரு வண்டி வாங்கிடுவ போலிருக்கே?"

"அட போங்கப்பா. அப்பன் வண்டிய எடுத்துட்டு வந்த பையன்னு இவன போலீஸ்ல புடிக்காம இருந்தா சரி."

கோசே என்றால் தாடியில்லாதவன். அப்பா செத்த பிறகு, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டவர்கள் அம்மாவும் அண்ணன் ஹலேஃபும்தான். போஸானும் சிரித்து வைப்பான். வேறு என்ன செய்வது? இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள், இரண்டும் தட்டிப்போயிற்று. தாடிதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

வண்டிக்கு இன்ஜின் பாகம் வாங்கப் போகிறேன் என்று புளுகிவிட்டு ஒருநாள் இஸ்தான்புல்லுக்குப் பஸ் ஏறினான். அங்கே ஒரு கிளினிக்கில் பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து, நாற்று நடுவதுபோல் கன்னத்தில் நட்டார்கள். "மொதல்ல கொட்டும், பயப்படாதீங்க, அப்புறம் மெதுவா முளைக்கும். ஆனா பத்து நாளைக்குக் கத்தி மட்டும் படக்கூடாது. பட்டா வேரோட வந்துடும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்.

மறுநாளே ஊரிலிருந்து போன். பருத்திக் காட்டில் சித்தப்பா மகன் இஸ்ஸத் டிராக்டரைப் பின்னால் எடுத்திருக்கிறான். சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹலேஃபை அவன் பார்க்கவில்லை.

போஸான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அண்ணன் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. கன்னமெல்லாம் சிவப்புப் புள்ளியும் பொருக்குமாக இருந்ததால், தலைத்துணியை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு துக்க வீட்டில் உட்கார்ந்தான். அழுகையை மறைக்கிறான் என்று ஊர் நினைத்தது. அழவும்தான் செய்தான்.

துக்கம் முடிகிற மூன்றாம் நாள், ஊர்ப் பெரியவர் ஹாஜி ஷுக்ரு நாவிதரோடு வந்தார். இழவு விழுந்த வீட்டு ஆண்கள் அதுவரை சவரம் செய்யமாட்டார்கள். பெரியவர் வந்து கேட்கும்போது கன்னத்தைக் காட்டினால், மனசில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். காட்டாவிட்டால், பழிக்குப் பழி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். சித்தப்பாவும் இஸ்ஸத்தும் வாசலில் வெயிலில் தலைகுனிந்து நின்றார்கள். சவரம் முடிந்தால்தான் அவர்கள் உள்ளே வரலாம்.

"போஸான், தம்பி, அது தெரியாம நடந்துபோச்சு. அல்லாவுக்காக மொகத்தக் காட்டுப்பா."

துணியைப் பிடித்த கை இறங்கவில்லை. கூடம் நிறைய ஆண்கள், அதில் பாதிப் பேர் டீக்கடை ஆட்கள். காதோடு காதாகப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாவி, அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அண்ணன் சாகிற நேரத்தில் தம்பி கன்னத்தில் முடி நட்டுக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் ஊர் சிரிக்குமா, காறித் துப்புமா?

"இப்ப வேணாம் ஹாஜி."

கசப்புக் காபி ஊற்றிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாவிதர் பெட்டியை மூடினார். மறுநாள் சித்தப்பா வீட்டில் பூட்டுத் தொங்கியது. காட்டில் பருத்தி வெடித்து, எடுக்க ஆளில்லாமல் கிடந்தது.

அதற்குப் பிறகு கோசே என்று யாரும் கூப்பிடவில்லை. டீக்கடைக்குள் நுழைந்தால் "வாங்க போஸான், உக்காருங்க" என்று எழுந்து இடம் விட்டார்கள். நட்ட முடி கொட்டியபோதுகூட ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த மரியாதை அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கேடு. பூட்டிக் கிடந்த சித்தப்பா வீட்டைத் தாண்டும்போது வண்டியை விரட்டிவிடுவான். ஆனாலும் முளைக்கட்டும், முளைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினான்.

"எப்படா செரைக்கப் போற?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒரு புள்ள மண்ணுக்குள்ள போயிட்டான். நீ ஜெயிலுக்குப் போவணுமா?"

"கொஞ்சம் பொறும்மா."

அடுத்த பருத்தி வெடிக்கிற காலத்தில் தாடி கருகருவென்று கன்னம் முழுக்க நிறைந்திருந்தது. அம்மா அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். இஸ்ஸத் அதானா நகரத்தில் டயர் பஞ்சர் ஒட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போஸான் கிளம்பிப் போனான்.

கடையில் இஸ்ஸத் மட்டும் இருந்தான். தாடியோடு வந்து நின்றவனைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஓடவில்லை.

"அண்ணே, வீட்ல புள்ளைங்க இருக்குதுங்க. அங்க வேணாம். இங்கயே முடிச்சிடு."

போஸான் பதறிக் கையை ஆட்டினான். "டேய், அதுக்கு வரலடா! இது நட்டது. இஸ்தான்புல்ல போயி நட்டுக்கிட்டேன். அன்னிக்குக் கத்தி பட்டா எல்லாம் போயிடும்னாங்க. வெக்கத்துல சொல்லல. உன்மேல எனக்கு ஒண்ணுமில்லடா." குனிந்து, பின்னந்தலையில் முடி எடுத்த தழும்புகளைக் காட்டினான்.

இஸ்ஸத் அந்தத் தழும்புகளைப் பார்த்தான்.

"குளிர்காலத்துல அப்பா போயிட்டாரு" என்றான்.

"சித்தப்பாவா? யாரும் சொல்லலையேடா!"

"சொன்னா மையத்த ஊருக்குத் தூக்கிட்டு வரணும்ல. நீ தாடியோட நிப்பியேன்னு இங்கயே அடக்கம் பண்ணிட்டோம். உங்கப்பா பக்கத்துலயே வைக்கச் சொல்லி கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

போஸானுக்குக் கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. "பக்கத்துல நாவிதர் கடை எங்க இருக்கு? இப்பவே, உன் முன்னாலயே எடுத்துடுறேன்."

"எதுக்கு?" இஸ்ஸத் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டயர் பக்கம் திரும்பினான். "நல்லா இருக்குண்ணே. வச்சுக்க."