சுண்டைக்காய் மேல் நின்ற விமானம்

எனக்கு அழுக்கு பிடிக்கும். வீட்டில் அல்ல, விமானத்தில். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ஓரடி நீளத்தில் போர் விமானம் செய்து, அது பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததுபோல் வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. வேலை திருப்பூரில், ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில். பகலெல்லாம் துணியின் நிறம் வெளுக்காமல் இருக்க மல்லுக்கட்டுவேன். சாயங்காலம் சூலூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்ததும், விமானத்தின் நிறத்தை வெளுக்க வைக்க மல்லுக்கட்டுவேன்.

“உனக்கே இது ஞாயமா அம்மணி?” என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் விமானப்படையில் தரைப்பணியாளராக இருந்தவர். ஜெட் விமானங்களைச் சோதித்து, துடைத்து, விமானியை உள்ளே உட்காரவைத்து அனுப்புகிற வேலை. ஓய்வுக்குப் பிறகு பக்கத்திலேயே ஒரு பம்ப்செட் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறார். ஆள் படு சுத்தம். பழைய வேலையில் ஒரு ஸ்பேனர் எங்காவது விட்டுப்போனால் விமானம் கிளம்பாதாம். அந்தப் பழக்கத்தில் என் சமையலறைச் சுவரில் ஒவ்வொரு கரண்டிக்கும் பென்சிலால் உருவம் வரைந்து ஆணி அடித்து வைத்திருக்கிறார். தோசைக்கரண்டி தன் உருவத்தில் தொங்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. இப்படி ஒருவரோடு குடித்தனம் செய்கிறவளுக்கு அழுக்கு மேல் ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்?

ஆனால் இந்தப் பைத்தியத்துக்கு அவர்தான் காரணம். ஓய்வு பெற்றபோது அவருக்குப் பரிசாக, துண்டு துண்டாக வரும் விமான மாடல் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “பிளாஸ்டிக்கா?” என்று மேலே பரணில் வைத்துவிட்டார். ரோஷத்தில் நானே இறக்கி ஒட்டினேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று வாங்கினேன். கை கொஞ்சம் தேறியதும், அவர் அதிக காலம் பார்த்துக்கொண்ட அதே ரக விமானத்தின் மாடலை வரவழைத்தேன். அதை மட்டும் ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்யவில்லை. அவர் பார்த்து, “இது என்னுது” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த விமானத்தைப் பற்றி அவர் பேசியதை எண்ணினால் ஒரு கை விரல் போதும். சொல்லத் தெரியாது அவருக்கு. நானாவது செய்து காட்டலாம் என்று நினைத்தேன்.

முதலில் உடம்பு முழுக்க வெள்ளி நிறம் அடித்தேன். நிஜ விமானத்துக்கும் பெயின்ட்டுக்கு அடியில் உலோகம்தானே. அதன் மேல் சாம்பல் நிறம். பிறகு கறுப்பு ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, தகடுகள் சேரும் கோடுகளில் ஓடவிட்டேன். வயிற்றுப் பக்கம் எண்ணெய் வழிந்த தாரை. வால் பக்கம் புகைக் கரி. அதற்குச் சாக்பீஸ் பொடியும் கரித்தூளும். ஆட்கள் ஏறி இறங்குகிற இடங்களில் பஞ்சால் வெள்ளி நிறத்தை ஒற்றினேன், பெயின்ட் பெயர்ந்து வெள்ளி தெரிகிறது போல. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. மேலே வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கி.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி, குனிந்து, சுற்றிவந்து பார்த்தார். “ம்” என்றார். போய்விட்டார்.

ஆயுத பூஜை அன்று காலையில் பட்டறைப் பூஜைக்குத் திருப்பூர் போய்விட்டேன். மதியம் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. கழுவித் துடைத்த ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மணை. அவற்றின் நடுவில் மணைப்பலகை மேல் என் விமானம். மூக்கில் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழம் பெரிதாக இருக்கும் என்று சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுண்டைக்காய் வைத்திருந்தார். விமானம் பளபளவென்று மின்னியது. கரி இல்லை, தாரை இல்லை, ஒரு கோடுகூட இல்லை.

“ஏனுங்க, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“பூசைக்கு அழுக்கோட வெக்கலாமா அம்மணி? கரி, ஷாம்பூத் தண்ணீல போயிருச்சு. ஆயில் போகல, மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சேன். பெயின்ட் உரிஞ்ச இடத்தையெல்லாம் உன்ற பாட்டில்ல இருந்தே எடுத்து டச்சப் பண்ணிப்போட்டேன்” என்றார். பாராட்டை எதிர்பார்த்து நின்றது அந்த முகம்.

ஒரு மாசத்து வேலை! பூஜைத் தட்டை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் வரை பேசவில்லை. அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கோவமா?”

“உங்க விமானம்னு உங்களுக்காகத்தானே செஞ்சேன்? என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தா, கழுவி வெச்சிருக்கீங்க!” அழுகையே வந்துவிட்டது எனக்கு.

“என்ற விமானம் அப்படி இருந்ததில்ல அம்மணி,” என்றார் மெதுவாக. “ஆயில் கசிஞ்ச விமானத்துல ஒரு ஆளை உக்கார வெச்சு மேல அனுப்ப முடியுமா? நித்தமும் தொடச்சு வெச்சாத்தான் மறுநா புதுசா கசிஞ்சா தெரியும். ஏறிப் போன ஆளு எறங்கி வார வரைக்கும் எனக்குத் தண்ணிகூட உள்ள எறங்காது. நீ அழுக்குப் பண்ணி வெச்சதப் பாத்ததும் நெஞ்சு பதறிப்போச்சு.”

அழுகை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“அப்போ ஒரு அடையாளம்கூட இருக்காதுங்களா உங்க விமானத்துல?”

எழுந்துபோய் விமானத்தைச் சுண்டைக்காயிலிருந்து அலுங்காமல் இறக்கி எடுத்துவந்தார். விமானி உட்காரும் இடத்துக்கு இடதுபுறம், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே விரல் வைத்தார். “இங்க இருந்துச்சு. ஏணில நின்னு பெல்ட் மாட்டி உட்டுட்டு, எறங்கறப்ப இந்த எடத்துல ஒரு தட்டுத் தட்டுவேன். பத்திரமா வந்து சேருன்னு. தட்டித் தட்டிப் பெயின்ட் தேஞ்சு வெள்ளி தெரியும்.”

நான் உடனே பிரஷ்ஷை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம். அத நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் விமானம் முழுக்க வார்னிஷ் அடித்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்து, அடிக்காமல் விட்டேன். அதிலிருந்து பல மாதமாக, தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது, கூடத்து மேஜை மேல் நிற்கிற விமானத்தின் அந்த இடத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார். நான் பார்க்காதது மாதிரி கரண்டியை அதன் உருவத்தில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் வெள்ளகோவிலிலிருந்து என் தம்பி வந்திருந்தான். விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சூப்பரா இருக்குதுங்க மச்சான். ஆனா இங்க மட்டும் பெயின்ட் போயி வெள்ளி தெரியுது பாருங்க. டச்சப் பண்ணலீங்களா?”

கையில் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டேன்.

“அத அப்படியே உடு மாப்ளே,” என்றார் அவர். “அது என்ற விமானம்.”