கஞ்சி ஊட்டக் கற்பித்த அம்மையார்

வெண்ணந்தூரில் தறி நெய்துவந்த நான், வண்டி கவிழ்ந்து இரு கைகளும் முறிந்து, சேலத்து மருத்துவமனையில் துணைக்கு ஒருவருமின்றிக் கிடந்தேன். அங்கே தாதிப் பயிற்சி மாணவியருக்குக் கற்பிக்கும் அம்மையார் ஒருவரைக் கண்டேன். நெடிய உருவம், நரைத்த கொண்டை, உரக்கப் பேசாத குரல்.

ஒருநாள் ஒரு மாணவி அவசரமாகக் கஞ்சி ஊட்டியதில் எனக்குப் புரையேறி மூச்சு முட்டியது. அம்மையார் அவளைக் கடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவளை மல்லாந்து படுக்கச் செய்து, கையை அசைக்காதே என்று கூறி, அதே வேகத்தில் ஊட்டினார். எந்த மாணவி தவறினாலும், அவளையே நோயாளியின் இடத்தில் கிடத்திக் காட்டுவதே அவர் பாடம்.

"போதுங்க சிஸ்டர்" என்று அவள் கண் கலங்கினாள். மறுநாள் என் தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஊட்டினாள்.

"இதை நீங்க யாருகிட்டப் படிச்சீங்க?" என்று அம்மையாரை வினவினேன்.

"யாருகிட்டயுமில்லைங்க. அம்மை போட்டுத் தனியாக் கெடந்தேன். கஞ்சியை வாசப்படியில வெச்சுட்டுப் போயிருவாங்க. எந்திரிக்க முடியாது, பாத்துட்டே கெடப்பேன்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று வாழ்நாளில் எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். அவரை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.