பெட்டிச் சாவி

எங்கள் அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வந்து குறுக்கே நிற்பான். ஆயுசு முழுக்க அவன் செய்தது அந்த ஒரு வேலைதான்.

அண்ணி சாவி வெட்டுகிறவர். ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத ஒரு கடை. சாவி வெட்டும் இயந்திரம், நாலைந்து அரம், சுவர் முழுக்கக் கொக்கிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள். மேலே ரயில் போனால் அத்தனையும் கிணுகிணுக்கும். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டா வருவார்கள்? "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று எரிந்து விழுவார்கள். அண்ணி பாட்டுக்கு வெட்டுவார். முடித்ததும் சாவிப் பல்லின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். பிசிறு இருந்தால் மறுபடி அரம். "போதும், குடும்மா" என்று யார் குதித்தாலும் தர மாட்டார். "பிசிறோட குடுத்தா உங்க பூட்டு கெட்டுப்போகும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க." பன்னிரண்டு வருடமாக இதே பேச்சு. அந்தக் கடைதான் வீட்டு வாடகை, மகளின் படிப்பு, அண்ணனின் சவரக் கத்தி வரைக்கும் எல்லாம்.

அண்ணன் வேலைக்குப் போகிறவன் இல்லை. ஐயா தொழிலதிபர். முதலில் தண்ணீர் வடிகட்டி, நாற்பது வாங்கினான். விற்றது மூன்று, அதில் ஒன்றை வாங்கிய மடையன் நான். பிறகு பறக்கும் கேமரா. அது இரண்டாம் நாளே எதிர்வீட்டு மாடித் தொட்டிக்குள் விழுந்து செத்தது. எல்லாம் அண்ணியின் கிரெடிட் கார்டில். அவனுடைய கார்டுகளை வங்கிகள் என்றைக்கோ முடக்கிவிட்டன. வங்கிக்காரனுக்கு இருந்த புத்தி எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

கடன் அண்ணியின் ஐந்து மாத வருமானத்தில் வந்து நின்றது. இரண்டு வருடம் மாதம் தவறாமல் கட்டினார். கட்டியதையெல்லாம் வட்டி தின்று ஏப்பம் விட்டது. ஐந்து மாதம் நாலரை மாதம் ஆனது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நிலைய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கடைக் குத்தகை பதினாறு மாதத்தில் முடிகிறது. இன்னும் ஐந்து வருடத்துக்கு வேண்டுமென்றால், எந்தக் கார்டிலும் பாக்கி இல்லை என்று வங்கிகளிடம் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் செல்போன் உறை விற்கும் ஆளுக்குப் போய்விடும். அவன் ஏற்கெனவே அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தான்.

படிக்கட்டின் மறுபக்கம் மேஜை போட்டு, டை கட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிடும் ஒரு கார்டுக்காரர் உண்டு. பெட்டிச் சாவி தொலைந்துபோய் ஒருநாள் கடைக்கு வந்தவர், அண்ணியின் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், பழைய கார்டுல இருக்கற கடனை அப்படியே எங்க கார்டுக்கு மாத்திக்குங்க. பதினஞ்சு மாசம் வட்டியே கிடையாது. மாத்தறதுக்கு மட்டும் நூத்துக்கு மூணு. நீங்க கட்டற காசு முழுக்க அசலுக்கே போகும்."

"யார் காதுல பூ சுத்தறீங்க?" என்றேன் நான். நான் பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் கடையில் நிற்பேன்.

அண்ணி விண்ணப்பத்தை வாங்கி, பூட்டுக்குள் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, பொடி எழுத்தை வரிவரியாகப் படித்தார். அரை மணி நேரம்.

"ஒரு மாசம் தள்ளிக் கட்டினா இந்தச் சலுகை போயிடுமா?"

"ஆமா மேடம்."

"இந்தக் கார்டுல புதுசா ஏதாச்சும் வாங்கினா, அதுக்கு அன்னைக்கே வட்டியா?"

"ஆமா... மேடம்."

"இதையெல்லாம் ஏன் முதல்லயே சொல்லல?"

அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அப்ப பழைய கார்டை மூடிடறேன்."

"ஐயோ, மூடாதீங்க மேடம். அது திறந்திருந்தாத்தான் உங்க கிரெடிட் மார்க் ஏறும்."

இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடன் புதுக் கார்டுக்குப் போனதும் பழைய கார்டு துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி காலியாக நிற்கும், எவன் கையிலாவது கிடைத்தால் மறுபடி முழுக்க இழுக்கலாம் என்று அந்த ஆள் பொடி எழுத்தில்கூடச் சொல்லவில்லை.

ஆனால் அண்ணிக்குத் தெரிந்திருந்தது. பழைய கார்டை ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு, தானே பூட்டுப் பொருத்தி, ஒரே ஒரு சாவி வெட்டினார். அதை என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்க வச்சுக்குங்க தம்பி. என்கிட்ட இருந்தா உங்க அண்ணன் கெஞ்சியே வாங்கிடுவாரு. நீங்க குடுக்க மாட்டீங்க."

அதை வாங்கிக்கொண்டபோது எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அண்ணி வீட்டு மாற்றுச் சாவி பன்னிரண்டு வருடமாக என் வளையத்தில்தான் இருந்தது. அதன் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

கடைச் சுவரில் பதினைந்து கொக்கிகளை ஒதுக்கி, பதினைந்து பித்தளைச் சாவிகளைத் தொங்கவிட்டார் அண்ணி. மாதத் தவணை கட்டியதும் ஒன்றை எடுத்து அடுத்து வருகிறவருக்கு வெட்டிக் கொடுத்துவிடுவார். பேருந்தை விட்டுவிட்டு நடந்தார். அறுந்துபோன செருப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார். பதினோராவது கொக்கி காலியானபோது, "இன்னும் நாலுதான் தம்பி" என்று விரலைக் காட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்கடுத்த வாரம் அண்ணன் பணிமனைக்கு வந்தான்.

"டேய், என் பாஸ்போர்ட் அந்தப் பெட்டியில மாட்டிக்கிச்சுடா. அவசரம். சாவியைக் குடு, சாயங்காலம் தந்துடறேன்."

கொடுத்தேன். நம்பிக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். வெளியூரே போகாதவனுக்கு எதற்கு பாஸ்போர்ட் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணன் கேட்டால் கொடுத்துப் பழகிய கை, என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டது. சொன்னபடி சாயங்காலம் திருப்பித் தந்தான். நானும் வளையத்தில் மாட்டிக்கொண்டு, அண்ணியிடம் மூச்சு விடவில்லை. சொரணை கெட்டவன் நான்.

மூன்று வாரம் கழித்து அண்ணி போனில் கூப்பிட்டார். "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். போனால், கூடத்தில் நடக்க இடமில்லை. யானைக்குட்டி மாதிரி இரண்டு மசாஜ் நாற்காலிகள். ஒன்றில் அண்ணன் சாய்ந்திருந்தான். அது அவனைப் பிசைந்துகொண்டிருந்தது.

"எந்தக் காசுல வாங்கினீங்க?" அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பழைய கார்டுலதான். அது சும்மாதானே கிடந்துச்சு? பாக்கி இல்லைன்னு நீதானே சொன்னே?" நாற்காலி அதிர, அவன் குரலும் சேர்ந்து நடுங்கியது. இறங்கக்கூட இல்லை, பாவி. "ஸ்டேஷன்ல ரெண்டையும் போட்டுட்டா மாசம் எவ்வளவு வரும் தெரியுமா?"

நான் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். "ஸ்டேஷன்ல அவங்க கடையே இருக்காதுடா!" வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனை 'டா' போட்டேன்.

அண்ணி கத்தவில்லை. "பெட்டியை எப்படித் திறந்தீங்க?" என்றார்.

அண்ணன் என் பக்கம் மோவாயைக் காட்டினான். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

நாற்காலி விற்றவன், உறை பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றான். என் மோட்டார் பைக்கை விற்றேன். கடனில் கால்வாசிகூடத் தேறவில்லை. பதினைந்தாவது கொக்கி சொன்ன தேதியில் காலியானது. புது வங்கி, பாக்கி இல்லை என்று அழகாகக் கடிதம் கொடுத்தது. பழைய வங்கியும் கொடுத்தது, பாக்கித் தொகையோடு. நிலைய அலுவலர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுல பாக்கி இருக்கேம்மா" என்று திருப்பித் தள்ளினார். பதினைந்து மாத உழைப்பைத் தள்ள அவருக்கு ஒற்றை விரல் போதுமானதாக இருந்தது.

வெளியே வந்தால் கார்டுக்காரர். "கவலையே படாதீங்க மேடம். இன்னொரு கார்டு வந்திருக்கு, பதினெட்டு மாசம்..."

நான் அவர் டையைப் பிடிப்பதற்குள் அண்ணி வெடித்துவிட்டார். படிக்கட்டில் போனவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். "கடனை இடம் மாத்தத்தானேய்யா உங்ககிட்ட கார்டு இருக்கு? என் வீட்டுக்காரரை இடம் மாத்த ஏதாச்சும் இருக்கா? இருந்தா எடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்!"

மறுநாள் இயந்திரத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கூடத்து ஜன்னலோரம் வைத்தோம். அண்ணி உட்காரவில்லை. நேராக வாசல் கதவின் பூட்டைக் கழற்றிவிட்டுப் புதுப் பூட்டு மாட்டினார். அண்ணனின் சட்டைகள் இரண்டு பைகளில் வெளியே இருந்தன, இரண்டு நாற்காலிகளின் மேல். பிறகு வீட்டில் வைத்து முதல் வேலையாக இரண்டு சாவி வெட்டினார். பல்லின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றில் பிசிறு இருந்தது, அராவினார். அதை மகளிடம் கொடுத்தார். மற்றதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

நான் வளையத்திலிருந்து பழைய வீட்டுச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "எனக்கு ஒண்ணு, அண்ணி? ஏதாச்சும் அவசரம்னா..."

அண்ணி இயந்திரத்தின் மேலிருந்த பித்தளைத் தூளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு சாவி குடுத்திருந்தேன் தம்பி."