பிஸ்கட் டின்னில் இல்லாத அட்டை

அந்தப் பெண்ணுக்கு இருபத்தொரு வயது ஆக இன்னும் பத்து மாதம் இருந்தது. அதற்குள் ஒரு விண்ணப்பப் பாரத்தை நிரப்பிப் பதிவிலாகாவில் கொடுத்திருந்தால், இந்த நாட்டுக் குடியுரிமையைக் கேட்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. கிடைத்திருக்குமா என்பது வேறு, கேட்டிருக்கலாம். அந்தப் பாரத்தை நிரப்பத் தெரிந்தவள் நான். அவள் சனிக்கிழமை தவறாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். போலீஸ் நிறுத்தினால் எப்படிப் பேச வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டில் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆசிரியை இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கிராணி வேலை, குமாஸ்தா என்பார்கள். வீடும் நிலமும் கைமாறும் பத்திரங்கள்தான் எங்கள் பிழைப்பு. எப்போதாவது, பிறப்புப் பத்திரத்தில் சிக்கல், குடியுரிமை இல்லை என்று யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். முதலாளி மனமிரங்கிக் கோப்பு திறக்கச் சொல்வார். பாரம் நிரப்புவது, நகல் எடுப்பது, கவுண்டர் கவுண்டராக அலைவது எல்லாம் என் தலையில் விழும். அப்படி நான்கைந்து கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் பெண் வழக்கறிஞர்தான் அந்தச் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்தது. தம்போய் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்காமல் ஒரு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடம் வந்து நின்றார்கள். அதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. “அக்கா, சனிக்கிழமைல ரெண்டு மணி நேரம். அடிப்படைச் சட்டம் மட்டும். நீங்களும் வாங்களேன்” என்றார். அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. வீட்டில் இருந்தாலும் துணிதான் மடிக்கப்போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

ஒரு டயர் கடையின் மாடி எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. கீழே சக்கரத்தின் திருகுகளைக் கழற்றும் இயந்திரம் டர்ரென்று அலறும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். பதினேழு முதல் இருபத்தைந்து வயதுவரை முப்பது பேர்போல வருவார்கள். பாதிப் பேருக்குப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலைக்குப் போவதுதான் கனவு. முதல் நாளே எல்லோரும் என்னை “டீச்சர்” என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது.

பிஸ்கட் டின் என் யோசனை. பிள்ளைகள் உள்ளே வரும்போது ஐசியை, அதாவது அடையாள அட்டையை, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். அதைப் பார்த்து வருகைப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் எழுதுவோம். வகுப்பின் கடைசி அரை மணி நேரம் நான் போலீஸ். டின் என் மடியில் இருக்கும். ஒவ்வொருவராக என் முன்னால் வந்து கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டால்தான் அட்டை திரும்பக் கிடைக்கும். “துவான், போலே சாயா தெங்கோக் காட் குவாசா?” என்று மரியாதையாக மலாயில் கேட்க வேண்டும், ஐயா, உங்கள் அதிகார அட்டையைப் பார்க்கலாமா என்று அர்த்தம். அப்புறம், என்னை எதற்காக நிறுத்தினீர்கள், நான் வீட்டுக்குப் போன் செய்யலாமா. தடுமாறினால் நான் கண்ணை உருட்டுவேன். மாடியே சிரிப்பில் அதிரும்.

“அக்கா, அடுத்தவங்க ஐசிய நாம வாங்கி வைக்கக்கூடாது. சட்டமே அதுதான்” என்று வழக்கறிஞர் ஒருமுறை சொன்னார்.

“ரெண்டு மணி நேரந்தானே லா” என்றேன். பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு பிடித்துப் போயிருந்தது. எனக்கு அவர்களைவிட அதிகமாகப் பிடித்திருந்தது.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண் மூன்றாவது வாரம் வந்தாள். ஒல்லி, நெற்றியில் சின்னப் பொட்டு, எப்போதும் கையில் ஒரு நீல நோட்டு. அடுத்த வாரம் எனக்கு முன்பே வந்து நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தாள். “டின்ன நான் பாத்துக்கறேன் டீச்சர்” என்றாள். எனக்குச் சந்தோஷம். அன்றிலிருந்து அவள்தான் வாசலில் டின்னோடு நிற்பாள், அவள்தான் பதிவேடு எழுதுவாள். எல்லோருடைய அட்டையையும் வாங்குகிறவளிடம் அட்டையைக் கேட்க யாருக்குத் தோன்றும்? விளையாட்டின்போதும் என் பக்கத்தில் நின்று அட்டைகளை எடுத்துக் கொடுப்பாள். அவள் முறை என்று ஒன்று வந்ததே இல்லை. பொறுப்பான பிள்ளை என்று வழக்கறிஞரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பாடம் கல்யாணப் பதிவு. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், கொஞ்சம் ஆடிவிட்டேன். கோயிலில் தாலி கட்டிவிட்டால் கல்யாணம் முடிந்தது என்று நினைத்துப் பதியாமலே விட்டுவிடுகிற நம் ஆட்களைப் பிடித்து விளாசினேன். “மேளக்காரர தேடி யோங் பெங் வரைக்கும் போவாங்க. பக்கத்துல இருக்கற பதிவு ஆபீஸுக்குப் போக மட்டும் நேரம் இருக்காது!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் பதியவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை அம்மாவைச் சேர்ந்தது. அம்மா குடிமகள் இல்லை என்றால் அப்பா இந்த நாட்டுக்காரராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை சிக்கலாகிவிடும் என்று பயமுறுத்தினேன். ஏற்கெனவே அப்படிச் சிக்கிக்கொண்ட பிள்ளைக்கு என்ன வழி, எந்த வயதுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அது எங்கள் பாடத்தாளில் இல்லை. அப்படி ஒருவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், உங்க ஆபீஸ்ல குடியுரிமை கேஸ்லாம் பாப்பாங்களா?”

கீழே என் கணவர் காரில் இருந்து ஹாரன் அடித்தார். எனக்கு அகோரப் பசி.

“எங்க ஆபீஸ்ல வீடு, நிலம்தான்மா. ஏன், யாருக்கு?”

“சும்மாதான் டீச்சர். தெரிஞ்சவங்களுக்கு.”

“பதிவிலாகாவுல போய் கேக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் மீதியும் வந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் என் சாப்பாடு ஆறிப்போயிருக்காது.

அதற்கு மூன்று வாரம் கழித்து வழக்கறிஞர் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொன்னார். புரட்டினேன். எல்லோருக்கும் எண் இருந்தது. அவள் பெயருக்கு நேராக மட்டும் ஒவ்வொரு வாரமும் கட்டம் காலி. எனக்குச் சுர்ரென்றது. இவ்வளவு நாள் என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று பட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்.

“ஏம்மா, ஊருக்கெல்லாம் ஐசி வாங்கறியே, உன்னோடது எங்க?”

“வீட்ல இருக்கு டீச்சர்.”

“தினம் வீட்லதான் இருக்குமா? சட்டம் படிக்க வர்ற எடத்துக்கே ஐசி இல்லாம வர்ற, ரோட்ல நிறுத்தினா என்ன செய்வ? ஐசி இல்லன்னா இந்த நாட்டுல நீ ஆளே இல்ல, தெரியுமா?”

இந்தக் கடைசி வரியை நான் வகுப்பில் வாராவாரம் வேடிக்கையாகச் சொல்வேன். அன்றும் சிலர் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

“அடுத்த வாரம் ஐசி இல்லாம வந்தா உள்ள விட மாட்டேன்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். வகுப்பு முடியும்வரை டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலிகளையும் அடுக்கிவிட்டுத்தான் போனாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை தாங்காது” என்று வழக்கறிஞரிடம் சொன்னேன். அவளுடைய கைப்பேசி எண் பதிவேட்டிலேயே இருந்தது. நான் கூப்பிடவில்லை.

மூன்று வருடம் போயிற்று. போன மழைக்காலத்தில் ஒரு வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பொந்தியான் போயிருந்தேன். வேலை முடிந்ததும் நெத்திலி வாங்கலாம் என்று நம்மவர் மளிகைக் கடை ஒன்றில் நுழைந்தேன். கடையின் பின்பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய்ந்த மிளகாயைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“டீச்சர்!”

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அத்தை வீட்டில் தங்கி வேலை செய்வதாகச் சொன்னாள். என் கூறுகெட்ட வாய் சும்மா இருக்குமா? “உன் செட்டு எல்லாம் சிங்கப்பூர்ல இருக்காங்க. நீ ஏன்மா இங்க?” என்றேன்.

“ஐசி கேக்காத எடத்துலதான் டீச்சர் நான் வேலை செய்ய முடியும்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்கு நீல ஐசி, குடிமகன். அம்மாவுக்குப் பச்சை ஐசி, தற்காலிகவாசி மட்டும். கோயிலில் தாலி கட்டினார்கள், பதியவில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்திலேயே குடிமகள் அல்ல என்று அச்சடித்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் கூடப் படித்தவர்கள் எல்லாம் ஐசி எடுத்தபோது அவள் எடுக்க முடியவில்லை.

“உங்க வகுப்புக்கு நான் வந்ததே அதக் கேக்கத்தான் டீச்சர். எல்லார் முன்னாலயும் எப்படிக் கேக்கறதுன்னு பாத்துட்டே இருந்தேன். அப்ப எனக்கு இருபத்தொண்ணு ஆகப் பத்து மாசம் இருந்துச்சு. அப்படி ஒரு வயசுக் கணக்கு இருக்குன்னே தெரியாது. இருபத்தொண்ணு தாண்டின பிறகு போய் விசாரிச்சா, அந்தப் பாரம் இனி உனக்கு இல்லன்னுட்டாங்க.”

கடைக்குள் கொத்தமல்லி வாசனை. நான் நெத்திலிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அவள் என்னைத் தேற்றுகிறவள் மாதிரி சிரித்தாள். “ஆனா நீங்க சொல்லிக்குடுத்தது மறக்கல டீச்சர். ஒருநாள் பஸ்ஸ நிறுத்தி செக் பண்ணாங்க. எழுந்து நின்னு அப்படியே கேட்டேன். போலே சாயா தெங்கோக் காட் குவாசா. அவரு நல்லவரு, காட்டினாரு. பிறகு உன்னோடத காட்டுன்னாரு.” மறுபடி கையைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா பிறப்புப் பத்திரத்த எடுத்துட்டு வர்ற வரைக்கும் பாலாய்லதான் உக்காந்திருந்தேன்.”

பாலாய் என்றால் காவல் நிலையம். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த சட்டம் அவளை அதுவரைதான் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

கிளம்பும்போது கடை வாசல்வரை வந்தாள். தயங்கினாள்.

“வகுப்பு இன்னும் நடக்குதா டீச்சர்?”

“நடக்குதும்மா.”

“என் தங்கச்சி தம்போய்ல அம்மாவோட இருக்கா. இப்பத்தான் பதினாறு ஆகுது. அவளுக்கும் ஐசி இல்ல.” என் முகத்தைப் பார்த்தாள். “உள்ள விடுவீங்களா?”

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அனுமதிதான் கேட்டாள். கடை வாசலில், நாலு பேர் பார்க்க, அழுதேன். அவள் பயந்துபோய் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

தங்கையை வகுப்புக்கு அனுப்பச் சொல்லவில்லை. அந்த வாரமே அவளை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். பொந்தியானிலிருந்து பஸ் பிடித்து, தங்கையின் பத்திரங்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தாள். வழக்கறிஞர் முதலில் அவளுடைய நிலைமையைத்தான் கேட்டார். வேறு வழிகள் இருக்கின்றன, சுற்று வழிகள், எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது என்று மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். “மொதல்ல தங்கச்சியோடத பாருங்க” என்றாள்.

எங்கள் கோப்பின் முதல் தாளில், தொடர்புக்கு ஒருவருடைய விவரம் எழுத வேண்டும். அம்மா பெயரைப் போடவா என்று கேட்டேன்.

“என் பேர போடுங்க டீச்சர். எல்லாத்துக்கும் நான்தான் வருவேன்.”

பெயர் எழுதினேன். உறவு, அக்கா. கைப்பேசி எண், மூன்று வருடமாக அதே எண்தான். அடுத்த கட்டம் ஐசி எண். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

அவள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். “அத சும்மா விட்டுருங்க டீச்சர், பரவால்ல” என்றாள்.

காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.