ஓட்டுக்குப் போகாத பல்

எங்கள் வீட்டில் பல் சாஸ்திரம் சுலபம். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை ஓட்டின்மேல் வீசுவோம். பல் விழுந்த இடத்தில் முளைப்பது நிலைத்த பல். ஓட்டுக்குப் போகாதது எல்லாம் பால் பல். என் மகளுக்கு ஏழு வயதில் முன்பற்கள் நான்கு மட்டும்தான் போயிருந்தன. அதனால் கீழ்வரிசைக் கடைசியில் ஒரு பல் சொத்தையாகி வலித்தபோது, விழுந்து முளைக்கிற பல்தானே என்று கிராம்பை வைத்து அடக்கினேன். மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அவள் சோற்றுத் தட்டைத் தள்ள ஆரம்பித்ததும், நெல் மண்டியில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர், பிடுங்கிவிட்டு வா என்றார். நடவுக்குப் போகாமல் மகளோடு செங்கல்பட்டு பஸ் ஏறினேன். பிடுங்கத்தான் போனேன்.

பல் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். இது பால் பல் இல்லை, ஆறு வயதில் எதுவும் விழாமலே பின்னால் புதிதாக வருகிற கடைவாய்ப்பல், ஆயுசுக்கும் இது ஒன்றுதான் என்றார். சொத்தை வேர்வரை போகவில்லையாம். சுரண்டி, மருந்து வைத்து அடைத்து, இன்னொரு நாள் வந்து கேப் போட்டுக்கொண்டால் காப்பாற்றிவிடலாமாம். போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இரண்டு தடவை எதற்கு அலைவது, பிடுங்கிவிடு என்று அதையே பாடினார்.

"சாமி ஆயுசுக்கும் ஒன்னுதான் குட்த்துகீது. அத புடுங்கச் சொல்ல நீ யாரு, நான் யாரு?" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆனால் நாற்காலியில் ஏறியவள் வாயைத் திறக்கவே இல்லை. பிடிவாதம் என்னுடையதுதான், வேறு எங்கிருந்து வரும்? கெஞ்சினேன், மிரட்டினேன், ஐஸ்கிரீம் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன்.

"பாப்பா, நான்தான் தப்பு பண்ணிட்டேன். இது ஓட்டு மேல போட்ற பல்லு இல்ல. போனா போனதுதான்."

நான் தப்பு என்று ஒப்புக்கொண்டதை அவள் அதுவரை கேட்டதில்லை. என்னையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். மரத்துப்போக ஊசி போட்டபோது கண்ணீர் காதுவரை வழிந்தது. மிஷின் ஓடி முடியும்வரை வாயை மூடவில்லை.

அடுத்த வாரம் பளபளவென்று கேப் ஏறியது. திரும்பி வந்து எங்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், ஊர்த் தேர்தலில் ஜெயித்தவள்போல் நான் இறங்கினேன். அவளோ பஸ்ஸில் இருந்த பாதிப் பேரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்காரர் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி வந்தார். அவள் ஒரு பிடி எடுத்து அந்தப் பக்கமே போட்டு மென்றாள். அவர் செல்போன் டார்ச்சை அடித்து அவள் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

"இது ஓட்டுக்குப் போவாது நைனா," என்றபடி அவள் பொட்டலத்தையே பிடுங்கிக்கொண்டாள்.