விலாங்கு கடந்த தண்ணீர்

தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்றுதான் ஷைனி பாட்டிலை முக்குவாள். எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீர்; காலடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு. தன் கால் கலக்கிய சேறு பாட்டிலுக்குள் போய்விடக் கூடாதே என்று ஓட்டத்துக்கு எதிராகவே நகர்வாள். ஒரு முறை முக்கிக் கொட்டுவாள், இன்னொரு முறை முக்கிக் கொட்டுவாள், மூன்றாவது முறைதான் மூடி போடுவாள். படகில் காத்திருக்கும் மீனவர் பொன்னுரங்கத்துக்குப் பொறுமை போய்விடும்.

“இன்னா பாப்பா, மொண்டு மொண்டு ஊத்திகினே கீற? இந்தத் தண்ணிய வச்சி டீ போடப் போறியா?” என்பார்.

அவள் காதில் விழாது. நேரத்தையும் இடத்தையும் பென்சிலால் பாட்டிலில் குறித்துக்கொண்டிருப்பாள். ஆய்வகத்து ஆல்கஹால் ஒரு சொட்டு பட்டாலும் பேனா மை அழிந்துவிடும் என்பதால் பென்சில். அது எந்நேரமும் கொண்டையில் செருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அதோடுதான் போவாள்.

இராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கா சாண்ட்ரா காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்து, ஸ்கூட்டரில் தெருத்தெருவாக விற்கிறவள். ஷைனி எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. மரபியலும் மூலக்கூறு சூழலியலும் படிப்பு. முதல் பருவத்தில் மரபியலில் வாங்கிய மதிப்பெண் முப்பத்தெட்டு. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து போனவள். “புக்கு இங்கிலீஷ்ல கீது, பரீட்ச இங்கிலீஷ்ல கீது, நா மட்டும் ராயபுரத்துலயே கீறேன்” என்று அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு டி.என்.ஏ. துணுக்கை இயந்திரத்தில் வைத்து இரண்டாக்கி, நான்காக்கி, கோடிக்கணக்காகப் பெருக்கும் பாடம் மட்டும் அவளுக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. தங்கள் தெருவில் ஒரு வதந்தி கிளம்பினால் சாயங்காலத்துக்குள் அப்படித்தான் பெருகும் என்றாள்.

அவளை ஆட்டிப்படைத்தது வேறொரு வகுப்பு. தண்ணீரில் போகிற மீன் கொஞ்சம் வழுவழுப்பையும் கொஞ்சம் கழிவையும் விட்டுவிட்டுப் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை மெல்லிய தாளில் வடிகட்டி, தாளில் தங்கிய டி.என்.ஏ.வைப் படித்தால், அங்கே ஓரிரு நாளுக்குள் வந்துபோன மீன்களின் பெயர் தெரிந்துவிடும். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், ஒரு மீனும் சாக வேண்டாம். அன்றைக்கு அந்த நினைப்பிலேயே பேருந்தில் இராயபுரம் தாண்டி விம்கோ நகர் வரை போய்விட்டாள்.

“அப்போ பூந்தவன் போனவன் எல்லாம் தண்ணில கையெய்த்து போட்டுட்டுத்தான் போறான்ற?” என்று கேட்டாள் சாண்ட்ரா.

“மெய்யாலுமேக்கா.”

எண்ணூர்த் தண்ணீரில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்பதே ஷைனியின் ஆய்வு. ஒவ்வோர் இடத்திலும் மூன்று பாட்டில் தண்ணீர். கூடவே நான்காவதாக ஒன்று, ஆய்வகத்திலேயே சுத்த நீர் நிரப்பியது. அதையும் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடிக் கொண்டுவர வேண்டும். அதில் எந்த மீனும் இருக்கக் கூடாது. இருந்தால், வழியில் எங்கோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

பாட்டில்கள் சூடேறக் கூடாது. ஆய்வகத்து ஐஸ் பெட்டியை வேறொருவர் எடுத்துப் போயிருந்த வியாழக்கிழமை, சாண்ட்ரா தான் மீன் விற்கும் தெர்மகோல் பெட்டியைக் கொடுத்தாள். சோப்பு போட்டு மூன்று தடவை கழுவி, ஷைனியின் மூக்கருகே நீட்டி, “மோந்து பாரு, நாத்தம் கீதா?” என்றாள். நாற்றம் இல்லை. நாற்றம் போனால் சுத்தம், அதுதான் அந்த வீட்டுச் சட்டம். மீன் வீட்டில் பிறந்தவளுக்கு அதற்குமேல் சந்தேகம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. எண்ணூர்ச் சேற்றுத் தண்ணீரில், திறந்த கடலில் திரியும் வஞ்சிரம்! ஷைனி உடனே நான்காவது பாட்டிலின் முடிவைப் பார்த்தாள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, பாறை. சுத்த நீரில் ஒரு சந்தையே கூடியிருந்தது.

ஆனால் முகத்துவாரத்துப் பாட்டில்கள் இரண்டில் இன்னொரு பெயரும் இருந்தது, விலாங்கு. அது நான்காவது பாட்டிலில் இல்லை. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிற மீன். கண்ணாடி நூல் போன்ற அதன் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத்தான் கொசஸ்தலை ஆற்றுக்குள் ஏற வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துப் பதினைந்து வருடம் ஆகிறது என்று பொன்னுரங்கம் சொல்லியிருந்தார். இந்த முடிவு உண்மையென்றால், இத்தனை சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் நடுவே கடலுக்கும் ஆற்றுக்கும் ஒரு வழி இன்னும் அடைபடாமல் இருக்கிறது.

நான்காவது பாட்டில் கணினியில் ஒரே ஒரு வரி. அதை அழித்துவிட்டால் கேட்பாரில்லை, விலாங்கு அவளுடையது. அரை மணி நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாண்ட்ராவிடம்தான் பாய்ந்தாள்.

“எனக்குப் பொட்டி குட்த்த வாரம் அதுல இன்னா இன்னா வச்சிருந்த?”

சாண்ட்ரா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “திங்கக்கெயம வஞ்சிரம், சங்கரா. செவ்வாக்கெயம நெத்திலி. பொதங்கெயம யாவாரமே இல்ல, ஜெரி வூட்டுக்கு மட்டும் ஒரே ஒரு பாற.”

ஒரே ஒரு வீட்டுக்குப் போன ஒரே ஒரு பாறை மீன், மூன்று சோப்புக் கழுவலையும் தாண்டி, தாளில் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. இயந்திரம் சொன்னதை அக்கா இரண்டு மாதம் கழித்தும் வரிசை மாறாமல் சொல்கிறாள்.

“விலாங்கு?”

“அய்ய! பாம்பு மாரி நெளியும். அத்த நா தொடவே மாட்டேன், என் பொட்டில எப்டி வரும்?”

மறுநாள் பேராசிரியர் செல்வநாதனிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“மறைக்காம கொண்டு வந்தியே, சந்தோஷம். ஆனா விலாங்கை எழுத முடியாதும்மா. அது பெட்டியில வரலைன்னு யார் சாட்சி?”

“எங்க அக்கா சார்.”

அவர் சிரித்துவிட்டார். “ஆய்வேட்டுல அக்காவை மேற்கோள் காட்ட முடியாதே. மறுபடி எடு. இயந்திரத்துல இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இடம் இருக்கு. அதுல வரலைன்னா விட்டுடணும்.”

புதுப் பெட்டி வந்தது. அதைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தாள். மூன்று நாள் மீன் குழம்பைத் தொடவில்லை. அந்த வீட்டில் அது பெரிய விரதம். அக்காவின் ஸ்கூட்டரில் ஏறாமல் மின்சார ரயிலில் எண்ணூருக்குப் போனாள். சாண்ட்ரா வாசலில் நின்று, “என்னியப் பாத்தா கலீஜா கீதா ஒனக்கு?” என்று கத்தினாள். ஷைனி கிட்டே வராமல் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

அதன்பிறகு நாற்பது நாள். எழுதி முடித்த ஆய்வேட்டில் விலாங்குக்கான ஒரு பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. பேராசிரியரின் செய்தி வந்தபோது அவள் எண்ணூர்ப் பாலத்தில், சாண்ட்ராவுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். பொன்னுரங்கத்திடம் மடவை மீன் எடுக்கப் போகிறார்கள். “நிறுத்துக்கா” என்றாள். சாண்ட்ரா பயந்துபோய் ஓரங்கட்டினாள்.

நான்காவது பாட்டில்: ஒன்றுமில்லை. முகத்துவாரம்: மடவை, கெளுத்தி, கீச்சான், விலாங்கு. மூன்று பாட்டிலிலும் விலாங்கு.

போனை அப்படியே அக்காவிடம் நீட்டினாள். சாண்ட்ரா படித்துவிட்டு, பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். கறுத்த தண்ணீர் அசையாமல் கிடப்பதுபோல் இருந்தது.

“இப்பக்கூட போய்கினு இருக்குமா ஷைனி?”

“இருக்கும்க்கா.”

பின்னால் வந்து நின்ற கண்டெய்னர் லாரி வழிகேட்டு விடாமல் ஹாரன் அடித்தது. ஷைனி திரும்பி, டிரைவரைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.