மாதா பீடத்தில் ஒரு கேசட்

என் மகனுக்கு நான்கு வயது. அவனுக்குப் பாட்டுப் போடும்போது போனில் சத்தத்தை மூன்று கட்டத்துக்கு மேல் ஏற்றமாட்டேன். குழந்தைகளின் காது பிஞ்சு என்று எங்கோ படித்த பிறகு அதையும் இரண்டாகக் குறைத்தேன். குறைத்ததும் அவன் கூப்பிட்டால் திரும்பாதது போலத் தோன்ற, காதில்தான் கோளாறோ என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த நான்தான் பத்து வயதில், ஓடும் ரயிலைப் போல முரசு அதிர்கிற ஒரு பாட்டுத் தொகுப்பை, ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டவள் என்று சொன்னால் என் கணவர்கூட நம்பமாட்டார்.

அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் தூத்துக்குடியில் எங்கள் வீடு. வரும்போதெல்லாம் சோப்பும் சாக்லேட்டும் பவுடர் டப்பாவுமாகப் பெட்டி மணக்க வருவார். அந்த முறை அப்படி வரவில்லை. மழைக்காலத்தில் அவருடைய கப்பலிலிருந்து பதினோரு நாள் சேதியே இல்லாமல் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. தோசை சுட்டபோதுகூட அது இடது கையில் தொங்கியது. பிறகு மாமா ஒரு விடியற்காலையில், மெலிந்து போய், ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினார். என்னலே நடந்தது என்று அம்மா கேட்டதற்கு, “கொஞ்சம் காத்து அடிச்சிதுக்கா, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், மறுநாள் மாலைவரை எழுந்திருக்கவில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கப்பலுக்குப் போகிற ஆள் உள்ள வீடு என்பதால் ‘முங்கிப்போச்சு’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. டீக்குள் பிஸ்கட் விழுந்தால் ‘உள்ள போயிட்டு’ என்றுதான் சொல்லவேண்டும். வாளித் தண்ணீரில் சோப்பு விழுந்தால் ‘அடியில இருக்கு’. மறந்து மற்றதைச் சொல்லிவிட்டால் அம்மா வாயிலேயே ஒரு தட்டு தட்டுவாள், உடனே சிலுவை போட்டுக்கொள்வாள். எனக்கு அது வெறும் கெட்டவார்த்தை. கடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்ததே இல்லை.

மாமா தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா அவருடைய பையைப் பிரித்துத் துணிகளை நனைக்க எடுத்தாள். இரண்டு சட்டைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றியிருந்தது அந்தக் கேசட். அட்டைப் படத்தில் வெள்ளிக் கவசம் போட்ட ஒரு வாலிபன். கையில் உருவிய வாள், தோளின் பின்னால் சிறகுபோல விரிந்த சால்வை, காலடியில் வாய் பிளந்து கிடக்கும் சிறகு முளைத்த பாம்பு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே தோரணையில் வானதூதர் மிக்கேல் சம்மனசின் படம் தொங்கும். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இவ்வளவு பாடு பட்டும் சம்மனசு பாட்டு வாங்கிட்டு வந்திருக்கான் பாரேன்” என்று கேசட்டைக் கண்ணில் ஒற்றி, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். பக்கத்து வீட்டு அத்தையிடமும் சொல்லியாயிற்று.

அடுத்த நாள் மாலை ஜெபத்துக்கு அதையே போடுவது என்று முடிவானது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரண்டாவது ஷிப்டு. நானும் அம்மாவும் முழந்தாளில் நின்றோம். டேப்பை அமுக்கினேன். முதலில் ஒரு மணி ஓசை. பிறகு மாதா கோவிலில் கேட்பது போலவே ஆர்கன். அதன்மேல் ஆணும் பெண்ணுமாக நூறு பேர் சேர்ந்து, புரியாத மொழியில் மெல்ல ஏறிவரும் பாட்டு. அம்மா தலையைக் குனிந்துகொண்டு, “லத்தீன்” என்று என் காதில் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது மேளம் இறங்கியது.

அதை எப்படிச் சொல்வது? புத்தாண்டு பிறக்கும்போது துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதும். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தால் கை அதிரும். அதற்கு அடுத்தபடியாக என் உடம்புக்குள் நுழைந்த சத்தம் அதுதான். அம்மா பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“ஏளா, கிரைண்டர்ல கல்லு கில்லு போட்டுட்டியா?”

மாமா எழுந்து ஓடிவந்தார். பீடத்தையும், முழந்தாளில் இருந்த எங்களையும், டேப்பையும் மாறிமாறிப் பார்த்தார். வந்த பிறகு அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“யக்கா, அது சம்மனசு இல்லக்கா. இது பவர் மெட்டலு. வெள்ளக்காரன் ராக் பாட்டு.”

“என்ன எழவோ! ஏம்லே, பேய்க் கூத்தையா பையில சுத்திக் கொண்டாந்த? மாதா பக்கத்துல வச்சிட்டனே. இந்தப் பாவம் யாருக்கு?”

“பேயெல்லாம் இல்ல. ஹாம்பர்க்குல எங்க கப்பல் ஃபிட்டர் குடுத்தான். நல்ல பாட்டுக்கா.”

“ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறப்ப பங்குச்சாமிட்ட கொண்டு போறேன். அவர் தீயில போடச் சொன்னா போட்டுருவேன், சொல்லிட்டேன்.”

அந்த வாரம் முழுக்க என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான்: கேசட்டைத் தீயில் போடக்கூடாது. அந்த அரை நிமிட இரைச்சலை நான் இன்னொரு முறை கேட்டே ஆகவேண்டும். சாதம் பிசையும்போதும் கணக்குப் போடும்போதும் அது எனக்குள் இடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் மும்பைக் கப்பல் ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது. மாமா திங்கட்கிழமை ரயில் ஏறவேண்டும். விடுப்பு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது. மாமா போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் கையைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஜெபமாலையை மறுபடி கையில் எடுத்தாள். எனக்கோ கேசட் கவலை.

அம்மா எதிலும் முறை தவறாதவள். கேட்காமல் குற்றம் சொன்னால் அதுவும் பாவமாயிற்றே என்ற சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டது. கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கேசட்டுக்குள் மடித்து வைத்திருந்த பாட்டுத்தாளையும் என் அகராதி, பென்சில், ரப்பரையும் எடுத்துக்கொண்டு இரண்டு மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்தாள். சாத்தானின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறாளாம். எறும்பு எழுத்து. கண் வலிக்கிறது என்று வெள்ளிக்கிழமை மாலை அதை மடித்து வைத்துவிட்டாள். “பேர் இல்ல. ஆனா முழுசாக் கேட்டாத்தான் சாமிட்ட சொல்ல முடியும்.”

எனக்கோ அதைப் படிக்கும் ஆசை அதற்கு முன்பே வந்துவிட்டது. அம்மா தாளை எடுப்பதற்கு முந்தின இரவே, வீட்டுப்பாடம் செய்கிற சாக்கில் கடைசிப் பாட்டை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் முதல்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தெருவுக்குக் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தினாள் அம்மா. பாட்டுக்கு இடைஞ்சல் என்று ஃபேனை நிறுத்தினார் மாமா. வியர்வை வழிய, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவளைப் போல அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எத்தனையோ பாட்டுகளை அதற்குப் பிறகு கேட்டிருக்கிறேன். அந்த ஐம்பது நிமிடம் திரும்ப வாய்க்கவில்லை. இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். பிடிபட்டதும் சண்டை போடாமல் கைகோத்துக்கொண்டு ஒரே ராகத்தில் மேலே ஏறும். முரசடிப்பவர் இரண்டு காலாலும் அடிக்கிறார் என்று மாமா தரையில் குதிகாலால் தட்டிக் காட்டினார். பாடகரின் குரல் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மேல் படி இல்லை என்று நான் மூச்சைப் பிடிக்கிற இடத்தில், அவருக்கு மட்டும் இன்னொரு படி இருக்கும். அங்கே நின்றுகொண்டு அவர் உலகத்தையே கூப்பிடுவார். உடனே அந்த நூறு பேரும் சேர்ந்துகொள்வார்கள். சர்ச்சில் திவ்ய நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது தலை தானாகக் குனியுமே, அப்படி என் தலை குனிந்தது. குனிந்தது பாவமோ என்ற பயமும் கூடவே வந்தது. முதல் பக்கத்தின் கடைசியில் மேளமே இல்லாமல், ஒற்றைக் கிதாரோடு ஒரு பாட்டு. அதற்கு அம்மாவின் விரல் ஜெபமாலையில் ஒரு மணியை நகர்த்தியதை நான் பார்த்தேன்.

இரண்டாம் பக்கத்தின் முடிவில் பதினோரு நிமிடத்துக்கு ஒரே பாட்டு. அதில் காற்றும் அலையும் இடியும் வரும். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய குதிகால் நின்றுவிட்டது.

“இதுல என்ன சொல்லுதான்?” என்றாள் அம்மா.

மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார். ஒரு ஊரில் சூரியன் வராமல் போய்விடுகிறது. கடலுக்கு நடுவே ஒரு மலை. அதற்குள் ஒரு மிருகம் வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே ஒருவன் படகில் போகிறான். அவனுடைய அக்கா கரையில் நிற்கிறாள்.

பாட்டுத்தாளில் அக்கா யாரும் இல்லை. நான் மாமாவைப் பார்த்தேன்.

“மிருகத்தக் கொன்னுருதான். வெளிச்சம் ஊருக்கு வந்துருது.”

நூறு பேரின் குரல் உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கியது. கடைசியில் வெறும் அலைச் சத்தம்.

“அவன் திரும்பி வந்தானா?” என்று கேட்டாள் அம்மா.

“வந்தான்க்கா.”

எனக்குத் தாங்கவில்லை. அந்தத் தாளை நான்தான் படித்திருந்தேனே. மிருகம் சாகிறது, மலை உடைகிறது, வெளிச்சம் மட்டும் கரைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் சும்மா இருக்க முடியுமா?

“இல்ல மாமா, அவன் மலையோட முங்கி...”

மாமாவின் கை என் வாயைப் பொத்தியது. எண்ணெய் மணக்கிற, தடித்த, சூடான கை. வாயில் தட்டவேண்டிய அம்மா தட்டவில்லை. சிலுவையும் போடவில்லை. அலைச் சத்தம் ஓய்ந்து டேப் ‘டக்’கென்று தானாக நிற்கும்வரை அப்படியே இருந்தாள்.

பிறகு “சரி” என்று எழுந்தாள். கேசட்டை டேப்பிலிருந்து எடுத்து, பெட்டியில் போட்டு, முந்தானையால் துடைத்து, மாதா சுரூபத்தின் பக்கத்தில் முன்பு இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். மறுநாள் பங்குச்சாமியிடம் அதை எடுத்துப் போகவும் இல்லை.

திங்கட்கிழமை மாமா கிளம்பும்போது நான் கேசட்டை எடுத்து நீட்டினேன். “அங்கனயே இருக்கட்டும்ளா. வந்து கேக்கேன்” என்றார். அம்மா அவருடைய நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

என் ஜெபம் பலித்துவிட்டது என்று நம்பினேன். அந்தப் பாட்டின் வல்லமை அப்பேர்ப்பட்டது, அம்மாவையே மண்டியிட வைத்துவிட்டது என்று பள்ளியில் தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன். மாமா என் வாயைப் பொத்தியது அந்தக் கெட்டவார்த்தைக்காக. மாமாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. அம்மா கடைசிவரை படிக்கவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். இப்படித்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மாமா அந்த முறையும் திரும்பி வந்தார், அதற்குப் பிறகும் பலமுறை போய்ப் போய் வந்தார். இப்போது மணப்பாடு கிராமத்தில் மூட்டு வலியைத் திட்டிக்கொண்டு இருக்கிறார்.

போன மாதம் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பீடத்தில் இருந்தவற்றை இறக்கி வைக்கும்போது கேசட் பெட்டி கையில் வந்தது. பாட்டுத்தாளை விரித்தேன். கடினமான சொற்களுக்கு மேலே அம்மாவின் குண்டு எழுத்தில், பென்சிலில், தமிழ்ப் பொருள். முதல் பாட்டில் இருந்தது, நடுப் பாட்டுகளில் இருந்தது. கடைசிப் பாட்டின் கடைசிப் பத்திவரை இருந்தது. அங்கே ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் எழுதி ரப்பரால் அழித்திருந்தாள். அழுத்தி எழுதியிருந்ததால் தாளில் பள்ளம் மிச்சமிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாத சொல் அது.

“என்னளா அங்கன நின்னு பாக்க?” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

“ஒண்ணுமில்லம்மா. தூசி.”

தாளை அதே மடிப்பில் மடித்து வைத்தேன்.